இஸ்தோப்பும் பங்களாவும்: அடிஷம் இல்லத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஹப்புத்தளை நகரிலிருந்து மேற்கே மூன்று கிலோமீற்றர் அளவில், தங்கமலைச் சரணாலயக் காட்டின் ஓரமாக ஏறிச் செல்லும் பாதை ஒரு பெரிய கல்வீட்டின் முன் போய் முடிகிறது. அதுதான் அடிஷம். செதுக்கிய கருங்கற் சுவர்கள், கோபுர அறைகளுக்குரிய ஒடுங்கிய யன்னல்கள், ஓட்டுக்குப் பதிலாகப் பர்மாத் தேக்குப் பலகைத் துண்டுகளை அடுக்கி வேய்ந்த கூரை. உள்ளே படிக்கட்டு, நிலம், கதவு, சுவரை மூடிய பலகை எல்லாம் அதே பர்மாத் தேக்கு. இன்று அது பெனடிக்டைன் துறவிகளின் மடம். வருவோருக்கு வரவேற்பறையையும் நூலகத்தையும் காட்டுகிறார்கள். தோட்டத்துப் பழங்களில் அவர்கள் செய்யும் ஜாமும் பானமும் வெளியே விற்பனைக்கு இருக்கும். விடுமுறை நாட்களில் பாடசாலைப் பேருந்துகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். பிள்ளைகள் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு விடயங்களை எழுதிக்கொண்டு இறங்குகிறார்கள்: கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ், கட்டிய ஆண்டு 1931.

கட்டியவர் என்ற அந்தச் சொல்லை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். கல் உடைத்தவர், மலைப்பாதையில் மரம் சுமந்தவர், சுவர் எழுப்பிய மேசன் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. வரைபடம் தந்தவர்கள் பூத், வெப்ஸ்டர் என்ற இருவர் என்பதாவது பதிவாகியிருக்கிறது. வரலாற்றுப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நம்மில் பலரும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடவில்லை. குளம் கட்டியவர் அரசர், பாதை போட்டவர் தேசாதிபதி என்றுதானே படிப்பிக்கிறோம்.

தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ் 1869இல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் அடிஷம் என்னும் கிராமத்தில் பிறந்தவர். தந்தை அங்கே திருச்சபைக் குருவாக இருந்தார். தாய்வழிப் பாட்டன் இங்கிலாந்தின் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபு. குடும்பப் பெயர் பெரிது. ஆனாலும் பதினெட்டு வயதில், 1887இல், அக்காலத்து ஆங்கில இளைஞர் பலரைப் போலத் தோட்டத் தொழில் பழக இலங்கைக்கு வந்தார். பிற்பாடு கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவரானார். 1835இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஒரு முகவர் நிறுவனம். அதாவது லண்டனிலோ ஸ்கொட்லாந்திலோ இருக்கும் முதலாளிகளுக்காக இங்குள்ள தோட்டங்களின் கணக்கு, கொள்வனவு, துரைமாரின் நியமனம், தேயிலை விற்பனை யாவற்றையும் நடத்துவது அதன் வேலை. மலையில் கொழுந்து கிள்ளியவள் ஒருநாளும் கண்டிராத கொழும்பு மேசைகளில்தான் அவளுடைய தோட்டத்தின் வரவு செலவு முடிவாயிற்று. அந்த மேசைகளில் மிக உயர்ந்த ஒன்றில் அமர்ந்திருந்தவர் தமது ஓய்வுக் காலத்துக்கென எழுப்பிய வீடுதான் இது.

வீட்டுக்குப் பிறந்த ஊரின் பெயரையே இட்டார். மாதிரியாக எடுத்துக்கொண்டதும் அதே கென்ட் மாவட்டத்து லீட்ஸ் கோட்டையை. துடர் மன்னர் காலத்தினதும் அதையடுத்து வந்த முதலாம் ஜேம்ஸ் காலத்தினதும் மாளிகைப் பாணிகள் இதில் கலந்திருக்கின்றன. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலக் கட்டடக்கலையை 20ஆம் நூற்றாண்டில், கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து எழுநூறு அடி அளவில் உள்ள ஊவா மலை முகட்டில் மறுபடி செய்து பார்த்திருக்கிறார்கள். லீட்ஸ் கோட்டை ஏரி நடுவே நிற்பது. இங்கே ஏரி இல்லை. காலையில் பள்ளத்தாக்கில் நிறையும் முகிலைப் பார்த்தால் ஒருவேளை அதுவே போதும் என்று நினைத்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஏறத்தாழ பத்து ஏக்கர் காணி, பூந்தோட்டம், பழத்தோட்டம், ஆங்கிலத் தளபாடம். அழகான வீடு என்பதை மறுக்க வேண்டியதில்லை. கல் வேலையின் நேர்த்தியைப் பார்க்கும்போது செய்த கைகளுக்கு மரியாதை தோன்றும்.

ஆனால் 1931 என்ற ஆண்டைத் தனியே எடுத்துப் பாருங்கள். உலகப் பொருளாதார மந்தம் முற்றிய காலம். தேயிலை விலை சரிந்து, தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்து, ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1927ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்கூலி ஆணுக்கு அரை ரூபாயை ஒட்டியது, பெண்ணுக்கு அதிலும் குறைவு. அதுவும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் வெட்டப்பட்டது. தேயிலையின் விளைச்சலைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 1933இல் வந்தது. மறுபுறம் அதே 1931இல்தான் டொனமூர் யாப்பின்படி சர்வசன வாக்குரிமை வந்து, அட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குப் போய்த் தொழில் அமைச்சருமானார். தோட்டத் தொழிலாளியின் விரலில் முதன்முதல் வாக்கு என்ற ஒன்று வந்து சேர்ந்த வருடம். அந்த வருடத்தில் அடிஷத்தின் சுவர்கள் உயர்ந்தன. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிய பாடநூல் எதுவும் என் கண்ணில் படவில்லை.

உள்ளபடி சொல்வதானால் அடிஷம் ஒரு தோட்டத்துத் துரை பங்களா அல்ல. அது அந்தப் பரம்பரையின் உச்சி. அதனை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் அடிவாரத்திலிருந்து ஏற வேண்டும்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இரண்டு ஆண்டுகளில் ஊவாவும் வெல்லஸ்ஸவும் கிளர்ந்தெழுந்தன. வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு ஹாஜி மரிக்கார் என்பவரைத் தனியாக முஹாந்திரமாக நியமித்ததும் அந்தக் கிளர்ச்சிக்கான உடனடிக் காரணங்களுள் ஒன்று என்பது நம்மவர் அறிந்ததே. அடக்குமுறையில் கிராமங்கள் எரிந்தன, பயிரும் கால்நடையும் அழிந்தன. பின்னர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றாகி, கோப்பித் தோட்டக்காரருக்கு ஏக்கர் கணக்கில் விற்கப்பட்டன. வீடு கட்ட முதலில் தேவைப்படுவது காணி. அந்தக் காணி வந்த வழி இதுவே.

கோப்பிக் காலத்துத் துரையின் முதல் வீடு மாளிகையன்று. மரக்கம்பும் மண்ணும் வைத்துக் கட்டி, மானாப் புல் வேய்ந்த குடிசைதான். காடு வெட்டும் வேலை முடியும் வரை அவனும் மழையில் நனைந்தவனே. லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் கதை இதில் சுவையானது. அவருடைய முதற் தொழிற்சாலை அவர் குடியிருந்த பங்களாவின் விறாந்தைதான்! மேசைகளைப் போட்டு, அதன்மேல் கொழுந்தைக் கைகளால் உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி வாட்டினார்கள். துரையின் விறாந்தையில் கூலியாள் நின்று வேலை செய்த காலம் அது. பிறகு தேயிலை பெருகி, ஸ்டோர் தனியே எழும்பி, இயந்திரம் வந்தபோது விறாந்தை துரைக்கு மட்டுமாகிவிட்டது. அங்கே பிரம்பு நாற்காலி வந்தது.

1869இல் கோப்பியில் தென்பட்ட இலைநோய் அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அந்தப் பயிரையே தின்று தீர்த்தது. தேயிலை வென்றது. 1890இல் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதன்னையை வாங்கினார். 1893இல் புகையிரதம் ஹப்புத்தளைக்கு ஏறி வந்தது. அதுவரை கண்டிச் சீமையின் ஒற்றையடிப் பாதைகளில் உப்பும் கருவாடும் பாக்கும் சுமந்து தவளம் ஓட்டிய நம் முன்னோரின் மாட்டு மணிகள் மெல்ல மெல்ல அடங்கின. புகையிரதம் தகரமும் கண்ணாடியும் இரும்பும் கொண்டு வந்தது. மலையகத்துப் பங்களா தன் முழு வடிவத்தை எடுத்தது இதன் பிறகுதான்.

அந்த வடிவம் எல்லோருக்கும் பழக்கமானது. கல்லாலான தடித்த சுவர். சரிவான தகரக் கூரை, அதற்கு மேல் எட்டிப் பார்க்கும் புகைபோக்கிகள். முன்னால் நீண்ட விறாந்தை, குளிர் தாங்காமல் பலர் அதைக் கண்ணாடியால் அடைத்துக்கொண்டார்கள். வெளியே துருத்தி நிற்கும் யன்னல், அறைக்கு அறை கணப்படுப்பு, புல்தரை, ரோஜா. சமையலறை வீட்டோடு ஒட்டாமல் பின்னால் தனியே இருக்கும். கூரை போட்ட நடைபாதை ஒன்று அதை வீட்டோடு சேர்க்கும். அப்பு அந்த நடைபாதையால்தான் தேநீரைக் கொண்டு வருவார்.

இன்னொன்றைச் சுற்றுலாப் பயணிகள் கவனிப்பதில்லை. பழைய பங்களாக்களின் குளியலறைக்கு உள்ளே ஒரு கதவு, வெளியே ஒரு கதவு என்று இரண்டு உண்டு. வெளிக்கதவு மலவாளி எடுப்பவருக்கானது. அவர் வீட்டுக்குள் காலடி வைக்காமலே வந்து போக வேண்டும். அவர் வந்ததை யாரும் காணக் கூடாது. ஆக, முன்வாசலால் துரைமாரும் விருந்தினரும், பின் விறாந்தையால் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் வியாபாரியும், பக்கக் கதவால் அவர். ஒரு வீட்டின் கதவுகளை எண்ணினால் அந்தச் சமூகத்தின் படிகளை எண்ணிவிடலாம். எங்கள் மூத்தவாப்பா புடவைப் பொட்டணியைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்தவர். பெருநாளோ தீபாவளியோ நெருங்கினால் லயங்களில் அவருக்குக் கடன் வியாபாரம் நன்றாக நடக்கும். துரைச்சாணி ஒருத்தி கூப்பிட்டனுப்பிப் பின் விறாந்தைப் படியில் பொட்டணியை அவிழ்க்கச் சொன்ன கதையை வாப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். முன்பக்கம் எப்படி இருக்கும் என்று மூத்தவாப்பாவுக்குக் கடைசி வரை தெரியாதாம்.

பங்களாவை எங்கே வைத்தார்கள் என்பது கட்டடத்தைப் போலவே முக்கியமானது. முகட்டிலோ தனி மேட்டிலோ வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மலை, ஸ்டோர், பிரட்டுக்களம், லயம் எல்லாம் கண்ணில் விழும். காலையில் தப்பு அடித்துப் பிரட்டுக்கு அழைப்பதைத் துரை படுக்கையிலிருந்தே கேட்கலாம். லயத்திலிருந்து பார்ப்பவருக்கோ கூரையும் புகையும் மட்டும் தெரியும். ஆகவே பங்களாவை மட்டும் தனியே வரைந்து காட்டும் எந்தப் படமும் பாதிப் படம்தான். பங்களாவும் லயமும் ஒரே வரைபடத்தின் இரண்டு பகுதிகள், ஒரே செலவுக் கணக்கின் இரண்டு வரிகள்.

தமிழ் ஆசிரியன் என்ற வகையில் இந்தச் சொற்களிடத்தில் எனக்கு ஒரு பிரியம். பங்களா என்பது வங்காளத்துக் கிராமக் குடிலின் பெயர். சரிந்த கூரையும் சுற்று விறாந்தையும் கொண்ட அந்த ஏழை வீட்டைக் கம்பனிக்காரர் எடுத்துப் பெருப்பித்துக்கொண்டார்கள். லயம் என்பது ஆங்கிலத்து லைன் என்பதன் திரிபு. குதிரை கட்டும் லாயத்திலிருந்து வந்தது என்பாரும் உளர். மொழியியல் முதலாவதன் பக்கம் நின்றாலும், இரண்டாவதைச் சொன்னவர்கள் அங்கே குடியிருந்தவர்கள் என்பதால் அதைத் தள்ளிவிட மனம் வரவில்லை. காம்பரா போர்த்துக்கேயச் சொல். இஸ்தோப்பு ஒல்லாந்தரின் வாசற்படி. ஆக மூன்று ஐரோப்பிய நாட்டவரும் லயத்துக்கு வீடு தரவில்லை, வீட்டின் உறுப்புகளுக்குப் பெயர்களைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

லயக் காம்பராவின் வழமையான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. ஒற்றை லயமானால் பின்பக்கம் சிறிது காற்று வரும். இரட்டை லயமானால் முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை இருக்கும். அப்போது பின்கதவு இல்லை, பின் யன்னலும் இல்லை. ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் எங்கள் வகுப்பறை நிலத்தில் வெண்கட்டியால் கோடு கீறிக் காட்டுவதுண்டு. இருபதடிக்கு இருபதடியான அந்த அறையின் பரப்பளவில் மூன்று காம்பராக்கள் அடங்கி, நாற்பது சதுர அடி மிஞ்சும். மூன்று குடும்பம், மூன்று அடுப்பு, பிள்ளைப்பேறு, மரணம், கல்யாணப் பேச்சு எல்லாம் அதற்குள். கோட்டுக்குள் நின்ற பிள்ளை ஒருத்தி, கட்டிலை எங்கே போடுவது என்று கேட்டாள். கட்டில் இல்லை என்றேன்.

இந்தத் தூரத்தைத் தாண்ட முயன்ற துரை ஒருவரும் உண்டு. மடுல்கலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேடில் தொழிலாளரோடு நெருங்கிப் பழகி, தோட்ட வேலையை இழந்து, சமசமாஜக் கட்சி மேடைகளில் பேசத் தொடங்கினார். 1937இல் தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பங்களாவில் வாழ வேண்டியவன் லயத்துப் பக்கம் போனதற்கு ஒரு நாட்டின் தேசாதிபதியே தலையிட வேண்டியிருந்தது என்றால், அந்தச் சில நூறு யார் தூரம் எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள்.

பங்களாவைப் பற்றி ஆங்கிலத்தில் நினைவு நூல்கள் ஏராளம். துரைமார் எழுதிக் குவித்திருக்கிறார்கள், வில்லியர்ஸும் எழுதியவரே. லயத்தின் பக்கத்துக்கு சி.வி. வேலுப்பிள்ளை இருந்தார், நமது ஊவா தந்த தெளிவத்தை ஜோசப் இருந்தார். அவர்களது கதைகளை வெறும் இலக்கியமாக அன்றி, கட்டடக்கலை ஆவணமாகவும் வாசிக்கலாம் என்பது என் கருத்து. அங்கேதான் காம்பராவின் சாக்குத் திரையும் கூரையொழுக்கும் பதிவாகியிருக்கின்றன. தோட்டத்து நகரங்களில் கடை வைத்த, பொட்டணி சுமந்த நம்மவரின் பக்கம் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. வியாபாரி லயத்துக்கும் போனான், பங்களாவின் பின்படிக்கும் போனான். இரண்டையும் கண்டவன் அவன். பழைய கடன் கொப்பிகள் எந்த வீட்டு அலுமாரியிலாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள் என்று இந்த இடத்தில் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சுதந்திரத்தின் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் எண்ணிக்கையில் பிரித்தது. வில்லியர்ஸும் இங்கிலாந்துக்குத் திரும்பினார், 1959இல் காலமானார். அவரைப் போகச் சொன்னவர் யாருமில்லை. தாம் கல்லில் பிரதி செய்த ஊருக்கே அவரால் போக முடிந்தது. அவருடைய கம்பனி நடத்திய தோட்டங்களில் பிறந்து, தமிழகத்தைக் கண்ணாலும் காணாதவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். அடிஷம் கைமாறி 1961இல் துறவிகளிடம் வந்தது. அவர்கள் அதைப் பேணிக் காத்திருக்கிறார்கள், நன்றி சொல்லத்தான் வேண்டும். 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. 2005 முதல் பொகவந்தலாவைப் பக்கத்துத் துரை பங்களாக்கள் சில ஆடம்பர விடுதிகளாகின. பழைமை கெடாமல் புதுப்பிக்கப்பட்ட அறைகளில் வெளிநாட்டவர் தங்கி, யன்னல் வழியே தேயிலை மலையைப் பார்க்கிறார்கள். பங்களாவைப் பழைமை கெடாமல் வைத்திருப்பதற்குப் பெயர் மரபுரிமை. லயமும் பழைமை கெடாமலே இருந்தது, அதற்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை.

இடத்தேர்வு பற்றி மேலே சொன்னேன். அதன் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். உறுதியான முகடு பங்களாவுக்குப் போனால், லயத்துக்குக் கிடைப்பது தேயிலை நடுவதற்கு உதவாத சரிவு, ஓடைக்கரை, மலையின் அடி. அடிஷம் நிற்கும் அதே ஹப்புத்தளை மலைத்தொடரின் தெற்குச் சரிவில், கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்த இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து அங்கிருந்த லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையிலும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளுக்குப் பலியானது.

மீரியபெத்த மக்களுக்கென பூனாகலைப் பகுதியில் புதிய வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. மலையகத்தில் இந்திய உதவியுடன் கட்டப்படுவனவும் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி கொண்ட தனி வீடுகள். இரண்டு அறை, தனிச் சமையலறை, முன்னால் ஒரு சிறு விறாந்தை. நாலரைக் காம்பராவுக்குச் சமம் என்று வெண்கட்டிக் கணக்கில் என் பிள்ளைகள் சொல்வார்கள். அத்தகைய வீடொன்றுக்குப் போயிருந்தபோது, வீட்டுக்கார அம்மா சுவர்ப் பூச்சு இன்னும் காயாத முன்பக்கத்தில் பாய் விரித்து, “இஸ்தோப்புல இருங்க சேர், தேத்தண்ணி கொண்டாறேன்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.